கேஸ் ஷீட் முடிந்த பிறகும் 90 நாள்: இரைப்பைப் புற்றுநோய் அறுவை சிகிச்சையை ஆராயப்போகும் பி.ஜி.க்களுக்கு

எம்.எஸ். பொது அறுவை சிகிச்சையில் சேர்ந்து, ‘இரைப்பைப் புற்றுநோய் அறுவை சிகிச்சையின் பலன்கள்’ மாதிரி ஒரு தீசிஸ் தலைப்பு கைக்கு வந்ததும், எம்.ஆர்.டி. என்னும் மருத்துவ ஆவணப் பிரிவுக்குப் போய், நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்பேடுகளான கேஸ் ஷீட்டுகளை இறக்கத்தான் கை பரபரக்கும். ஒரு மாதம் பொறுங்கள். இந்த வகை ஆய்வு பெரும்பாலும் முதல் கேஸ் ஷீட்டைத் திறப்பதற்கு முன்பே கெட்டுவிடுகிறது. கேஸ் ஷீட் டிஸ்சார்ஜ் அன்றோடு முடிந்துவிடும். நோயாளிக்கு அன்றோடு எதுவும் முடிவதில்லை. வீட்டுக்குப் போனவருக்கு என்ன ஆனது என்று அறிய வழி வைக்காமல் ‘பலன்’ என்று எழுதவே கூடாது.

கீழே உள்ளது தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சூழலுக்கானது. உதாரணம் இரைப்பை. பெருங்குடலோ கணையமோ என்றாலும் வேலையின் வரிசை இதேதான். மாறும் இடங்கள் ஆங்காங்கே உண்டு.

1. தலைப்புக்கு முன் ஓ.டி. ரிஜிஸ்டர்

கடந்த இரண்டு வருட ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) ரிஜிஸ்டரை, எலெக்டிவ் (திட்டமிட்டுச் செய்தது), எமர்ஜென்சி இரண்டையும், எடுத்து ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். நான்கு கட்டம் போதும்: டோட்டல் கேஸ்ட்ரெக்டமி (இரைப்பை முழுவதையும் எடுத்தது), சப்டோட்டல் கேஸ்ட்ரெக்டமி (பெரும்பகுதியை எடுத்தது), ஜி.ஜே. (கட்டியை எடுக்காமல் இரைப்பையைச் சிறுகுடலோடு இணைப்பது) மட்டும் போட்டது, திறந்து பார்த்து மூடியது. அரை நாள் வேலை. சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகி, கட்டி அடைத்த நிலையில்தான் நம் ஊரில் பலர் வருகிறார்கள் என்பதால் கடைசி இரண்டு கட்டமும் நீங்கள் நினைப்பதைவிட நிறைந்துவிடும்.

பிறகு எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். சிக்கல் விகிதம் 20 சதவீதம் இருக்கும் என்று முந்தைய ஆய்வுகளை வைத்து எதிர்பார்க்கிறீர்கள், 8 சதவீதம் கூடக்குறைய இருந்தால் போதும் என்று வைத்துக்கொள்வோம். 1.96-இன் (95 சதவீத நம்பகத்துக்கான எண்) வர்க்கம் × 0.2 × 0.8, அதை 0.08-இன் வர்க்கத்தால் வகுத்தால் 96.04. அதாவது 97 பேர். அதே கணக்கில் 5 சதவீதத் துல்லியம் வேண்டுமென்றால் 246 பேர். உங்கள் துறையில் வருடத்துக்கு 30 கேஸ்ட்ரெக்டமி நடந்தால் 246 என்பது எட்டு வருட வேலை. எண்ணிக்கை தெரிந்த பிறகு தலைப்பைச் சுருக்கலாம். தலைப்பைக் கொடுத்துவிட்டு எண்ணிக்கையைத் தேடினால் கடைசி ஆறு மாதம் தூக்கம் போய்விடும்.

‘லேப்ராஸ்கோப்பி – ஓப்பன் ஒப்பீடு’ (சிறு துளை வழிச் செய்வதா, வயிற்றைத் திறந்து செய்வதா) என்று யாராவது தலைப்புக் கொடுத்தால் யோசியுங்கள். சின்னக் கட்டி, திடமான உடம்பு, நிதானமான லிஸ்ட் நாள் என்று அமைந்தவர்கள்தான் லேப்ராஸ்கோப்பிக்குப் போயிருப்பார்கள். அடைப்போடு வந்தவர் ஓப்பனுக்குப் போயிருப்பார். இரண்டு கூட்டமும் மேஜையில் ஏறும் முன்பே வேறு வேறு. வரும் வித்தியாசம் கருவியாலா, ஆளாலா என்று 60 கேஸ் ஷீட்டை வைத்துப் பிரிக்க முடியாது.

2. நாட்காட்டியைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்

படிப்பு 36 மாதம். தேர்வுக்கு ஆறு மாதம் முன்பு தீசிஸ் போய்ச் சேர வேண்டும் என்றால் 30-ஆம் மாதம். எழுத, திருத்த, கைடு (வழிகாட்டும் பேராசிரியர்) பார்க்க, பைண்டிங் செய்ய இரண்டு மாதம். கணக்குக்கு ஒரு மாதம். கடைசியாகச் சேர்த்த நோயாளிக்கு 90 நாள் முடியக் காத்திருப்பது மூன்று மாதம். ஆக, 24-ஆம் மாதத்தோடு ஆள் சேர்ப்பதை நிறுத்தியாக வேண்டும். புரோட்டோகால் என்னும் ஆய்வுத் திட்டத்துக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கும் முதல் ஆறு மாதம் போய்விடும். மிச்சம் 18 மாதம்.

18 மாதத்தில் ‘இரண்டு வருட உயிர்வாழ்வு’ பார்க்க முடியாது. இது எளிய கழித்தல்தான், ஆனாலும் அப்படித் தலைப்புகள் பதிவாகிக்கொண்டேதான் இருக்கின்றன. நீண்டகால உயிர்வாழ்வு வேண்டுமென்றால் பழைய ரெக்கார்டுகளிலிருந்து பின்னோக்கி எடுங்கள். இனி வரும் நோயாளிகளைத்தான் சேர்ப்பதென்றால் 90 நாள் பலனோடு நிறுத்துங்கள்.

சென்னையிலுள்ள, ஐ.சி.எம்.ஆர்.-இன் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் ஆராய்ச்சி முறை ஆன்லைன் பாடத்தை முதல் வருடத்திலேயே முடித்துவிடுங்கள். பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். புரோட்டோகால் எழுதும் மாதங்களிலேயே படித்தால் அதுவே இதற்கும் உதவும்.

3. எதைப் ‘பலன்’ என்கிறோம்?

இந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும்.

*இறப்பு.* ‘மருத்துவமனையில் இறந்தவர்கள்’ என்ற அளவை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள். ஐ.சி.யூ.வில் நிலை மோசமாகி, ‘இனி வீட்டுக்கே கொண்டுபோயிடறோம்’ என்று குடும்பத்தார் கையெழுத்துப் போட்டு அழைத்துச் செல்வது நம் வார்டுகளில் நடப்பதுதான். கேஸ் ஷீட்டில் அது ஏ.எம்.ஏ. (மருத்துவர் ஆலோசனையை மீறிப் போனவர்) என்று முடியும். ஒரு கணக்குக்கு 60 பேருக்கு அறுவை சிகிச்சை, 3 பேர் வார்டில் இறந்தார்கள், 4 பேர் ஏ.எம்.ஏ. என்று வையுங்கள். டிஸ்சார்ஜ் ரிஜிஸ்டர் சொல்வது 5 சதவீதம். அந்த நால்வரும் வீட்டில் ஒரு வாரத்துக்குள் இறந்திருந்தால் உண்மை 11.7 சதவீதம். அதனால் அறுவை சிகிச்சை நடந்த தேதியிலிருந்து 30 நாள், 90 நாள் இரண்டையும், எங்கே இறந்தாலும், எந்தக் காரணத்தால் இறந்தாலும் எடுங்கள். டிஸ்சார்ஜ் தேதியிலிருந்து எண்ணக் கூடாது.

*சிக்கல்கள்.* ‘மைனர், மேஜர்’ என்று மனம்போல் பிரிக்காமல் கிளேவியன்–டிண்டோ தரவரிசையை எடுங்கள். 2004-இல் வந்தது, இன்றும் இதழ்கள் கேட்பது இதைத்தான். சிக்கலின் பெயரை விட்டுவிட்டு, அதைச் சரிசெய்ய என்ன செய்தோம் என்று பார்க்கும் முறை இது. காய்ச்சல் மாத்திரை, வாந்திக்கு மருந்து, வலி மருந்து, உப்புச்சத்து ஏற்றுவது, பிசியோதெரபி, வார்டிலேயே தையலைப் பிரித்துச் சீழ் எடுப்பது எல்லாம் தரம் 1. ஆன்டிபயாட்டிக், ரத்தம் ஏற்றுவது, ரத்தக்குழாய் வழி முழு ஊட்டம் தரம் 2. அல்ட்ராசவுண்ட் பார்த்து மரப்பு ஊசியில் டியூப் போட்டால் 3ஏ. முழு மயக்கத்தில் மறுபடி திறந்தால் 3பி. ஐ.சி.யூ.வில் ஓர் உறுப்பு செயலிழந்தால் 4ஏ, பல உறுப்பு என்றால் 4பி. இறப்பு 5. ஒருவருக்கு மூன்று சிக்கல் வந்தால் மிக உயர்ந்த தரம் எதுவோ அதை எழுதுங்கள். மூன்றையும் தனித்தனியாகவும் குறித்து வையுங்கள்.

அடிக்கடி தவறும் இடம் ரத்தம் ஏற்றுவது. ஹீமோகுளோபின் 7 என்று வந்தவருக்கு அறுவை சிகிச்சைக்கு முன் ஏற்றியது சிக்கல் ஆகாது. பிறகு ரத்தக்கசிவுக்காக ஏற்றினால்தான் தரம் 2.

*லீக்.* இணைத்துத் தைத்த இடம் விட்டுக் கசிவதுதான் லீக். எதை லீக் என்கிறீர்கள்? டிரெயினில் (வயிற்றில் வைத்த வடிகால் குழாய்) பித்தம் வந்ததையா, கான்ட்ராஸ்ட் சி.டி.யில் தெரிந்ததையா, மறுபடி திறந்து பார்த்ததையா? ஒரு வரியில் எழுதி, அதை மாற்றாதீர்கள். கணையம் எடுப்பவர்களுக்கு இந்த வேலையைச் சர்வதேசக் குழு 2016-இலேயே புதுப்பித்துக் கொடுத்துவிட்டது: மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ டிரெயின் நீரின் அமைலேஸ் (கணையம் சுரக்கும் நொதி), ரத்தத்தின் இயல்பு உச்சவரம்பைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்து, அது சிகிச்சையையே மாற்றும் அளவுக்குப் போனால்தான் ஃபிஸ்டுலா (கணைய நீர்க் கசிவு). சும்மா அளவு மட்டும் கூடியிருந்தால் அதற்கு உயிர்வேதியியல் கசிவு என்று வேறு பெயர்.

*பகுதி எண் (விகிதத்தில் வகுக்கும் மொத்தம்).* திறந்து பார்த்து, வயிற்றின் உள்ளுறையான பெரிட்டோனியத்தில் பரவியிருந்ததால் மூடிய நோயாளிகளை ‘கேஸ்ட்ரெக்டமி ஆகவில்லையே’ என்று தூக்கிவிடாதீர்கள். எத்தனை பேரை மேஜையில் ஏற்றினோம், எத்தனை பேருக்குக் கட்டியை எடுக்க முடிந்தது என்பதே ஒரு பலன்தான். அவர்களைத் தனி வரிசையில் காட்டுங்கள்.

மருத்துவமனையில் தங்கிய நாள்களைச் சிக்கலின் அளவுகோலாக எடுப்பது நம் சூழலில் ஏமாற்றும். காப்பீட்டு ஒப்புதலுக்காக, பயாப்ஸி முடிவுக்காக, ஊர் தூரம் என்பதற்காகத் தங்கியவர்கள் அதில் கலந்திருப்பார்கள்.

4. எத்திக்ஸ் கமிட்டி: தாள்கள்

கமிட்டி மாதாமாதம் கூடுமா, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையா என்று செயலர் அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் ஒரு பருவமே போகும். கல்லூரிக்குக் கல்லூரி படிவம் மாறும். ஆனாலும் இவை பெரும்பாலும் வேண்டியிருக்கும்: புரோட்டோகால், தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் தமிழிலும் ஆங்கிலத்திலும், டேட்டா ஷீட்டின் மாதிரி, கைடு, துறைத் தலைவர் கையெழுத்திட்ட முன்மொழிவுக் கடிதம், ஆய்வாளர்களின் சுயவிவரம், செலவு யார் ஏற்பது என்ற உறுதிமொழி, எம்.ஆர்.டி. ரெக்கார்டு பார்க்கக் கண்காணிப்பாளரின் அனுமதி. எத்தனை நகல் என்று கேட்டு, ஒன்று கூடுதலாக எடுங்கள்.

மூன்று பொறிகள் இருக்கின்றன.

பழைய ரெக்கார்டு மட்டும் பார்ப்பதாக இருந்தால், ஐ.சி.எம்.ஆர். 2017 நெறிமுறைப்படி ஒப்புதல் பெறுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். ஆனால் அதே நோயாளியின் வீட்டுக்கு போன் போடப்போகிறீர்கள் என்றால் அது வெறும் ரெக்கார்டு ஆய்வாக இருக்காது. போனில் என்ன சொல்லி வாய்மொழி ஒப்புதல் வாங்குவீர்கள் என்ற வாசகத்தையும் சேர்த்து அனுப்புங்கள். இதை விட்டுவிட்டு, பிறகு திருத்தம் கேட்டு மறுபடி கமிட்டிக்குப் போவதில் இரண்டு மாதம் கரையும்.

அடுத்தது தேதி. நோயாளிகள் அறுவை சிகிச்சைக்கு வந்த காலம் பழையதாக இருக்கலாம். நீங்கள் தகவல் எடுக்கத் தொடங்கிய தேதி ஒப்புதல் கடிதத்தின் தேதிக்குப் பிறகுதான் இருக்க வேண்டும். முதல் படியில் சொன்ன எண்ணிக்கைக்கும் துறைத் தலைவரின் அனுமதியோடு போங்கள். பெயர், நம்பர் எதையும் எழுதிக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது, தமிழ்த் தகவல் தாள். ‘தங்களின் பங்கேற்பு முற்றிலும் தன்னார்வமானது’ என்ற வாக்கியம் யாருக்கும் புரியாது. ‘இந்த ஆய்வில் சேருவதும் சேராததும் உங்கள் விருப்பம். சேராவிட்டாலும் உங்களுக்குக் கிடைக்கும் வைத்தியம் குறையாது’ என்று எழுதுங்கள். எழுதி, வார்டில் உள்ள ஒரு பணியாளரிடம் வாசிக்கக் கொடுத்து, அவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். கைநாட்டு வைப்பவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியின் கையெழுத்துக்கும் இடம் விடுங்கள்.

தலையீடு உள்ள ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவும் வேண்டும். கட்டணம் இல்லை. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் ஆளைச் சேர்த்த பிறகு பதிவு செய்ய முடியாது. அவர்கள் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள் என்பதையும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள்.

5. டேட்டா ஷீட்

ஒரு வரிசைக்கு ஒரு நோயாளி. ‘எத்தனை நாள்’ என்று எங்கும் எழுதாதீர்கள், தேதியை எழுதுங்கள். நாளைக் கணினி கழித்துக்கொள்ளும். தேதியை 2023-04-03 என்று வருடம் முதலில் வரும்படி போடுங்கள். 03/04/2023 என்று போட்டால் ஒரு கம்ப்யூட்டரில் ஏப்ரல் 3 ஆகவும் இன்னொன்றில் மார்ச் 4 ஆகவும் மாறும், மாறியது வெளியில் தெரியவும் தெரியாது. தகவல் இல்லாத இடத்தில் 99 போடும் பழக்கம் ஆபத்து: அல்புமின் சராசரியில் அந்த 99-உம் சேர்ந்துகொள்ளும். காலியாக விடுங்கள், ‘இல்லை’ என்பதற்கு 0.

பயாப்ஸி ரிப்போர்ட்டைப் பார்த்து, அறுவை சிகிச்சையில் எடுத்த நெறிக்கட்டிகள் (நிணநீர்க் கணுக்கள்) எத்தனை, அவற்றில் நோய் இருந்தவை எத்தனை என்று இரண்டு எண்ணும் தனித்தனியாக வேண்டும். இரைப்பைக்குக் குறைந்தது 16, பெருங்குடலுக்கு 12 என்பது வழக்கத்திலுள்ள எல்லை. இரைப்பையில் நோய் இருந்த நெறிக்கட்டி 7 முதல் 15 வரை என்றால் என்3ஏ என்ற நிலை, 16 அல்லது அதற்கு மேல் என்றால் என்3பி. மொத்தமே 8 நெறிக்கட்டிதான் பார்த்தார்கள் என்றால் அந்த நோயாளி என்3பி ஆக இருந்தாலும் ரிப்போர்ட்டில் வரவே முடியாது. ‘என்0’ (எந்த நெறிக்கட்டியிலும் நோயில்லை) என்று வந்தாலும் முழுதாக நம்ப முடியாது. ‘பல நெறிக்கட்டிகள், நோயில்லை’ என்று எண்ணில்லாமல் ரிப்போர்ட் இருந்தால் பேத்தாலஜியில் ஹெச்.பி.இ. (திசுப் பரிசோதனை) நம்பரைக் கொடுத்து, ஸ்லைடை மறுபடி பார்க்க முடியுமா என்று கேளுங்கள். மரியாதையாக, ஐந்து ஐந்து நம்பராகக் கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பார்கள்.

முன்கூட்டியே கீமோ கொடுத்தவர்களின் நிலையை ஒய்பி (yp) என்ற முன்னெழுத்தோடு தனிப் பத்தியில் (நெடுவரிசையில்) வையுங்கள். கீமோவில் சுருங்கிய கட்டியையும் ஆரம்பத்திலேயே சின்னதாக இருந்த கட்டியையும் ஒரே கூட்டமாக்கினால் உயிர்வாழ்வுக் கோடு அர்த்தமிழந்துவிடும். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தைக் கட்டி தொட்டு, அதன் மையம் இரைப்பைக்குள் 2 செ.மீ.க்கு மேல் போகாமல் இருந்தால் ஏ.ஜே.சி.சி. (அமெரிக்கப் புற்றுநோய் நிலை வகைப்பாடு) எட்டாம் பதிப்பின்படி அது உணவுக்குழாய்க் கணக்கு. அவற்றை இரைப்பையில் சேர்க்காதீர்கள். மலக்குடல் எடுப்பவர்கள் சுற்று விளிம்பு (கட்டிக்கும் வெட்டிய ஓரத்துக்கும் இடையே உள்ள தூரம்) எத்தனை மில்லிமீட்டர் என்று எண்ணாகவே எழுதுங்கள், 1 மி.மீ. அல்லது அதற்குக் கீழ் என்றால் விளிம்பில் நோய் உண்டு என்று பொருள்.

பெயர், போன், முகவரி வேறு கோப்பில், பாஸ்வேர்டோடு. ஆய்வுக் கோப்பில் வெறும் வரிசை எண். கேஸ் ஷீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வது வேண்டவே வேண்டாம்.

முதல் பத்து கேஸ் ஷீட்டை இருவர் தனித்தனியாக நிரப்பிப் பாருங்கள். எந்தப் பத்தியில் இருவர் பதிலும் மாறுகிறதோ, அந்த வரையறை தெளிவில்லை.

6. ரெக்கார்டைத் தேடும்போது

ஒவ்வொரு அட்மிஷனுக்கும் ஐ.பி. (உள்நோயாளி) நம்பர் மாறும் மருத்துவமனைகளில், காய்ச்சலோடு மறுபடி வந்து சேர்ந்த அதே ஆள் வேறு நம்பரில் இருப்பார். பெயர், வயது, ஊர் வைத்து அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய 90 நாள் அட்மிஷன் ரிஜிஸ்டரைப் பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை நம்பர் கேஸ் ஷீட்டில் இருந்தால் இரண்டையும் இணைப்பது எளிது. ஓ.டி. ரிஜிஸ்டர், வார்டு ரிஜிஸ்டர், ஹெச்.பி.இ. ரிஜிஸ்டர் மூன்றையும் ஒப்பிட்டால்தான் பட்டியல் முழுதாகும். கிடைக்காத கேஸ் ஷீட்டுகளை எண்ணி வையுங்கள். இறந்தவர்களின் கேஸ் ஷீட் தனி அலமாரியில் இருப்பது உண்டு. அதை மறந்தால் பிழைத்தவர்களை மட்டும் வைத்து ஆய்வு முடிந்துவிடும்.

7. போன்

கேஸ் ஷீட்டில் உள்ள நம்பர் பெரும்பாலும் நோயாளியுடையது இல்லை. கூட இருந்த மகனுடையதோ மருமகனுடையதோ பக்கத்து வீட்டுக்காரருடையதோ. தனக்கு வந்தது புற்றுநோய் என்று நோயாளியிடமே சொல்லாத வீடுகள் நிறைய. அதனால் எடுத்தவுடன் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். ‘உயிரோட இருக்காரா’ என்று ஒருபோதும் கேட்காதீர்கள்.

‘வணக்கம்ங்க. ஆஸ்பத்திரியிலேருந்து டாக்டர் பேசறேன். போன வருஷம் ஐயாவுக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணோம்ல, அவங்க எப்படி இருக்காங்கன்னு விசாரிக்கத்தான் கூப்பிட்டேன். இப்பப் பேசலாங்களா?’

இவ்வளவு போதும். பிறகு இது ஒரு ஆய்வுக்காக என்பதையும், பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பதையும் சொல்லுங்கள். தவறிவிட்டார் என்று தெரிந்தால் கேள்விப் பட்டியலை மூடி வைத்துவிட்டு அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். பில், மாத்திரை, கடைசி நாள் வலி என்று கொட்டுவார்கள். அதற்கு நேரம் இருக்கும்போது மட்டும் போன் போடுங்கள். வார்டு ரவுண்ட்ஸ் நடுவில் கூடாது.

தேதியைக் கேட்டால் ‘ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள்’, ‘தீபாவளி கழிச்சு மூணாம் நாள்’ என்று சொல்வார்கள். அந்த வருடக் காலண்டரைப் பக்கத்தில் வையுங்கள். சரியாக நினைவில்லாதவருக்கும் பதினாறாம் நாள் காரியம் எந்தக் கிழமை நடந்தது என்பது நினைவிருக்கும். இறப்பைப் பதிவு செய்ய 21 நாள் கெடு இருப்பதால் சான்றிதழும் வீட்டில் இருக்கக்கூடும். அதிலுள்ள தேதியைப் படித்துச் சொல்லக் கேட்கலாம்.

வேலை நாள் காலையில் எடுக்காதவர்கள் இரவு ஏழு மணிக்கு மேல் எடுப்பார்கள். மூன்று வெவ்வேறு நாளில் முயன்றும் கிடைக்கவில்லை என்றால், கடைசியாக ஓ.பி.க்கு வந்த தேதியை ‘கடைசித் தொடர்பு’ என்று குறித்து, எந்த ரெக்கார்டிலிருந்து என்பதையும் எழுதுங்கள்.

8. கணக்கு

கணக்கு மென்பொருள்களான ஆர், ஜமோவி இரண்டும் இலவசம். திருட்டு மென்பொருள் தேவையே இல்லை.

உயிர்வாழ்வுக்குக் காப்லான்–மையர் கோடு (நாள் போகப்போக எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டுவது). தொடர்பு அறுந்தவரைக் கடைசித் தொடர்புத் தேதியோடு நிறுத்துங்கள். ‘செய்தி வரவில்லை, அதனால் நலம்’ என்று இன்றுவரை உயிரோடு வைக்காதீர்கள். 90 நாள் நிலை எத்தனை பேருக்கு உறுதியாகத் தெரியும் என்பதை முடிவுகளின் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்.

எந்தக் காரணி இறப்போடு தொடர்புடையது என்று பார்க்கும் காக்ஸ் மாடலில் ஒரு காரணிக்குக் குறைந்தது 10 இறப்பு என்பது பழைய கைவழக்கம். 12 இறப்பை வைத்துக்கொண்டு எட்டுக் காரணியைப் போட்டால் கணினி ஏதாவது ஒரு பி மதிப்பைத் தரும், அதில் பொருள் இருக்காது. 30 பேரில் ஒருவரும் இறக்கவில்லை என்றால் ‘இறப்பு பூஜ்யம்’ என்று மட்டும் எழுதி நிறுத்தக் கூடாது: 3-ஐ 30-ஆல் வகுத்தால் 10 சதவீதம், உண்மை விகிதம் அதுவரை இருக்கலாம்.

9. செலவு

பிரிண்ட், நகல், பைண்டிங், போன், புள்ளியியலாளருக்குக் கொடுப்பது: இவை உங்கள் பையிலிருந்து. புள்ளியியலாளரை டேட்டா முடிந்த பிறகு பார்க்காமல் புரோட்டோகால் எழுதும்போதே பாருங்கள். சமுதாய மருத்துவத் துறையில் கேட்டால் செலவில்லாமலும் முடியும். வழக்கமான சிகிச்சையில் இல்லாத எந்த ரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் நோயாளி தலையில் கட்டக் கூடாது. ஆய்வுக்காக மட்டும் ஓ.பி.க்கு வரச் சொன்னால் பஸ் செலவு உங்களுடையது. அவருக்கு அன்றைய கூலியும் போகிறது.

10. ஒப்படைக்கும் முன்

இந்த வகை ஆய்வில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லும் ஸ்ட்ரோப் பட்டியலின் 22 இனங்களையும் ஒவ்வொன்றாக டிக் செய்து பாருங்கள். எத்தனை பேரில் தொடங்கி, எந்தக் காரணத்தால் எத்தனை பேர் விடுபட்டு, எத்தனை பேரில் முடிந்தது என்று ஒரு படம் கட்டாயம். ஒற்றுமைச் சோதனைக்கு (பிறர் எழுத்தின் நகலா என்று பார்ப்பது) முன்னால் ‘முந்தைய ஆய்வுகள்’ அத்தியாயத்தைச் சொந்த வாக்கியத்தில் திருப்பி எழுதுங்கள். மாட்டுவது எப்போதும் அங்கேதான்.

கடைசியாக, பெயர் நீக்கிய டேட்டா கோப்பையும், ஒவ்வொரு பத்திக்கும் என்ன பொருள் என்று எழுதிய ஒரு பக்கத்தையும் துறையில் ஒப்படையுங்கள். பெயர்க் கோப்பு எத்திக்ஸ் கமிட்டி அனுமதித்தபடி கைடு வசம் பூட்டில் இருக்கட்டும். நீங்கள் 90 நாளில் நிறுத்திய அதே நோயாளிகளை, இரண்டு வருடம் கழித்து வரும் ஜூனியர் புதிய அனுமதி வாங்கி மறுபடி போனில் அழைக்கலாம். அவருக்குத் தேவைப்படுவது கடைசித் தொடர்புத் தேதியும், அன்று யார் போனை எடுத்தார்கள் என்ற குறிப்பும்.